மேய்ந்த மாடு ஏன் மடிகிறது?

மந்திரிக்கு ஜலதோஷம் பிடித்தால் பத்திரிகைகளுக்கு அது செய்தி. விவசாயத் தொழிலாளியின் மாடு செத்தால் அது செய்தியல்ல. ஒன்றுக்கு மூன்றாகச் செத்து, ஊர் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தால் மட்டும் உள்பக்கத்தில் நாலு வரி போடுவார்கள், சோளப்பயிரை மேய்ந்த மாடுகள் துடிதுடித்து இறந்தன என்று. மறுநாள் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். மாட்டுக்காரன் ஒருவன்தான் மறக்க முடியாது. அவனுக்கு அன்றுதான் கணக்கு ஆரம்பமாகிறது. சொசைட்டிக்கு ஊற்றிய பால் நின்றுவிட்டது. மாடு வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை.

கூலி, பஞ்சப்படி, போனஸ், குத்தகை என்று எழுத எவ்வளவோ இருக்க, தலையங்கத்தில் மாட்டுக் கதை எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிலமில்லாதவனுக்கு நாலு காலில் நிற்கும் நிலம் அவனுடைய மாடுதான் என்பது நம்முடைய பதில். வேலை கிடைக்காத நாளில் அடுப்பு எரிவது பால் காசில். பெண்ணின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் முதலில் விற்கப்படுவது ஆட்டுக்குட்டி. மில் கதவடைத்தபின், கணக்குத் தீர்த்துக் கிடைத்த தொகையில் இரண்டு கறவை மாடு வாங்கிக் கட்டிய பஞ்சாலைத் தொழிலாளிகள் எத்தனையோ பேரை நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும், 98 லட்சத்துக்கு மேல் வெள்ளாடுகளும், சுமார் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. ஒன்றும் இரண்டுமாகக் கயிற்றில் பிடித்துப்போகிற ஏழைகளின் உடைமையும் இதில் அடக்கம். அந்த உடைமைக்கு வரும் ஆபத்து உழைப்பாளி மக்களின் பிரச்னையா, இல்லையா?

நோய் வந்து மாடு சாவது ஒரு விஷயம். மேய்ச்சலில் விஷச்செடி தின்று சாவது வேறு விஷயம். பின்னதில் பெரும்பகுதி தடுக்கக்கூடிய சாவு. தடுக்கக்கூடியது தடுக்கப்படாமல் போனால் அதற்கு விதி என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், விருதுநகர் என்று மானாவாரிச் சோளம் விளையும் ஜில்லாக்களில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மழையை நம்பிச் சோளம் விதைக்கிறார்கள். முளைத்து முழங்கால் உயரம் வருவதற்குள் மழை போய்விடுகிறது. பயிர் வளராமல் குறுகி, வாடி நிற்கிறது. அல்லது அறுவடை முடிந்த காட்டில் ஒரு மழை விழுந்து, அடிக்கட்டையிலிருந்து பச்சைப்பசேலென்று துளிர் கிளம்புகிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் காய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு காடு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு அதில் பாய்கிறது. கால்மணியோ அரைமணியோ கழிகிறது. மாடு மேய்வதை நிறுத்துகிறது. மூச்சு வாங்குகிறது, வாயில் நுரை தள்ளுகிறது, நடை தள்ளாடுகிறது, விழுகிறது, கால்களை உதைத்துக்கொள்கிறது. விஷம் அதிகமாக ஏறியிருந்தால் சில நிமிஷங்களிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரம்.

செத்தது ஏன் என்று தெரியாதபோது ஊரில் மூன்று பேச்சுக் கிளம்புகிறது. பாம்பு தீண்டிவிட்டது என்பது ஒன்று. செய்வினை என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் மோசமானது: எவனோ மருந்து வைத்துவிட்டான் என்பது. அந்த எவனோ யார்? போன மாதம் கூலித் தகராறு செய்தவன், வரப்புச் சண்டையில் எதிர்த்துப் பேசியவன், பெரும்பாலும் சேரிக்காரன். இலை செய்த கொலைக்கு மனிதனைக் கட்டிவைத்து அடிக்கும் அநியாயம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே இலையின் சங்கதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சையில் ஒளிந்த நஞ்சு

இளஞ்சோளத்தின் இலையில் இருப்பது சயனைடு தரும் ஒரு பொருள். டுரின் என்று அதற்குப் பெயர். செடி இளசாக இருக்கும்போது தன்னைப் புழு பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள இதைச் சேமித்து வைக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை அதனால் கெடுதி இல்லை. அதைச் சிதைக்கும் நொதி இலையிலேயே வேறிடத்தில் தனியாக இருக்கிறது. மாடு கடித்து மென்றதும் இரண்டும் ஒன்றாகக் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு என்ற விஷம் வெளிப்படுகிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களும் அந்த வேலையை முடுக்கிவிடுகின்றன. அசைபோடும் பிராணிகளுக்கு இந்த விஷம் சீக்கிரம் ஏறுவதற்கு அதுதான் காரணம்.

இந்த விஷம் உள்ளே போய்ச் செய்வது என்ன? மில் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்லலாம். கரண்ட் வருகிறது, கம்பி சரியாக இருக்கிறது, மோட்டாருக்கு உள்ளே மட்டும் ஏதோ இறுகிப்போய்விட்டது. அப்போது எவ்வளவு கரண்ட் வந்தும் தறி ஓடாது. அதுபோல மாடு மூச்சை இழுக்கிறது, பிராணவாயு ரத்தத்தில் ஏறுகிறது, உடம்பின் மூலை முடுக்குக்கெல்லாம் போய்ச் சேருகிறது. ஆனால் அங்குள்ள உயிரணுக்களால் அதை உபயோகிக்க முடியவில்லை. செலவாகாத பிராணவாயுவோடு ரத்தம் அப்படியே திரும்பி வருகிறது. ஆகையால்தான் சயனைடு ஏறிய மாட்டின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது. காற்று நிறைந்த வெட்டவெளியில் மாடு மூச்சு முட்டிச் சாகிறது.

அளவைப் பாருங்கள். மாட்டின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சயனைடு அதைக் கொல்லப் போதும். 300 கிலோ எடையுள்ள பசுவுக்கு 600 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம்கூட வேண்டாம். ஒரு கிலோ பச்சைத் தீவனத்தில் 200 மில்லிகிராம் இருந்தாலே அது ஆபத்தான தீவனம் என்பது கணக்கு. அப்படிப்பட்ட பயிரில் மூன்று கிலோ போதும். பசித்த மாடு மூன்று கிலோ மேய எத்தனை நேரம் ஆகும் என்பதை மாடு வைத்திருப்பவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாச் சோளமும் எப்போதும் விஷமல்ல. இதை அழுத்திச் சொல்கிறோம். சோளத்தட்டு நம் மாடுகளின் ஆதாரத் தீவனம். விதைத்து 45, 50 நாள் வரை, பூ எடுக்கும் முன் உள்ள இளம்பயிரும், வறட்சியில் குறுகி வாடியதும், அறுத்தபின் அடியிலிருந்து துளிர்த்ததும்தான் ஆபத்து. யூரியாவை அள்ளிப் போட்ட காட்டில் இன்னும் கூடுதல். பூத்துக் கதிர் பிடித்த பயிரில் விஷம் குறைந்துவிடுகிறது. அறுத்து நன்றாக வெயிலில் காயப்போட்டால் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.எப்.எஸ். 29 என்ற பலமுறை அறுக்கும் தீவனச் சோளத்துக்கு முதல் அறுப்பு 65ஆம் நாள், அதன்பின் 50 நாளுக்கு ஒருமுறை என்று அவர்களே வரையறுத்திருக்கிறார்கள். பாசன வசதியுள்ளவர் இந்தக் கணக்கைக் காத்து அறுக்கலாம். மழைக்காக வானத்தைப் பார்ப்பவரும், பிறர் காட்டோரம் மேய்ப்பவரும் எந்தக் காலண்டரைப் பார்ப்பது?

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் இதே சயனைடு மரவள்ளியில் வருகிறது. குச்சிக்கிழங்கு என்றால் அங்கே குழந்தைக்கும் தெரியும். அதன் தழையிலும், கிழங்கைவிட அதன் தோலிலும் விஷம் அதிகம். ஜவ்வரிசி ஆலையின் பின்புறம் தோல் குவிந்து கிடக்கும். பட்டி ஆடுகள் அதை மோப்பம் பிடித்துப் போகும். ஆலையிலிருந்து வெளியேறும் கழிவு நீரிலும் சயனைடு உண்டு. வேலி போடுவதும் கழிவைச் சுத்திகரிப்பதும் ஆலை முதலாளியின் கடமை. ஆடு ஏன் வந்தது என்று ஆட்டுக்காரியைத் திட்டுவது அந்தக் கடமையைத் தீர்த்ததாக ஆகாது.

ஓடிப்போய்க் கொல்லும் விஷம் இது என்றால், உட்கார்ந்து கொல்லும் விஷங்கள் வேறே உண்டு. மலையடிவாரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தான். இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. புல் இருக்கும்வரை மாடு அதைச் சீந்தாது. புல் தீர்ந்த வறட்சியில் கடிக்கிறது. ஈரல் கெடுகிறது, தீனி எடுப்பதில்லை, சாணி போடுவதில்லை, கண் மஞ்சளிக்கிறது. வெயிலைத் தாங்க முடியாமல் நிழல் தேடுகிறது. வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. வெயில் கொப்புளம் என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள், உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மாட்டை உடனே நிழலில் கட்டி டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஏரி, வாய்க்கால் கரைகளில் ஊதாப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வெள்ளாடு முதலில் வேண்டாவெறுப்பாகக் கடிக்கும், பழகிவிட்டால் அதையே தேடிப் போகும். நாளாவட்டத்தில் நரம்பு கெட்டு, மெலிந்து, தள்ளாடிச் சாகும். அரளி இன்னொன்று. மாலைக்காகத் தோட்டங்களிலும், அழகுக்காகத் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டிலும் அதை வளர்க்கிறார்கள். பத்து இருபது இலை ஒரு பசுவின் இருதயத்தை நிறுத்திவிடும். காய்ந்த இலையிலும் விஷம் போவதில்லை. நடுத்திட்டில் வெட்டிய கிளையை ரோட்டோரம் வீசிவிட்டுப் போகும் காண்ட்ராக்டருக்கு இது தெரியுமா? தெரிந்தும் வீசுகிறாரா? ஆமணக்குப் புண்ணாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது வயலுக்கு உரம், மாட்டுக்குத் தீனியல்ல. மூட்டையைத் தொழுவத்தில் வைக்காதீர்கள்.

சீமைக்கருவேல நெற்று நல்ல தீவனம் என்பது பாதி உண்மை. அரைத்து மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்தால் தீவனம். வேறொன்றும் கிடைக்காமல் மாதக்கணக்கில் அதையே தின்றால் தாடை நடுங்கி, மென்று விழுங்க முடியாமல் போகிறது. இந்த நாட்டின் மேய்ச்சல் வரலாற்றில் ‘வேறொன்றும் கிடைக்காமல்’ என்ற இரண்டு சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

மேய இடம் எங்கே?

மாடு முட்டாள் பிராணி அல்ல. வயிறு நிறைந்த மாடு விஷச்செடியை ஒதுக்கிவிட்டு மேயும். பசிதான் அதை விஷத்தின்மேல் தள்ளுகிறது. கரூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில், மாட்டை இழந்த கிழவி ஒருத்தியிடம் உள்ளூர்ப் பெரியமனிதர் ஒருவர், “மாட்டைப் பார்த்து மேய்க்கத் தெரியாதா?” என்று கேட்டார். கிழவி அவருக்குப் பதில் சொல்லவில்லை. நம் பக்கம் திரும்பி, “வயித்துக்கில்லாமத்தான் தம்பி போச்சு, வாய் கொழுத்தா போச்சு?” என்றாள். கால்நடைத் துறையின் பிரசுரங்களில் இல்லாத பாடம் அது.

அந்த ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு என்று கணக்கில் நிலம் இருக்கிறது. தரையில் இல்லை. ஒரு பகுதியில் பம்புசெட்டும் தென்னையும் நிற்கின்றன, மீதியில் சீமைக்கருவேலம். பெரும்பாலான ஊர்களில் இதுவே கதை. ஏழை ஒரு குடிசை போட்டால் மறுநாள் நோட்டீஸ் வருகிறது. வசதியுள்ளவன் பத்து ஏக்கர் வளைத்தால் கர்ணம் காலத்திலிருந்து அனுபவம் என்று தஸ்தாவேஜு கிளம்புகிறது. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், பஞ்சாபிலிருந்து வந்த ஜக்பால் சிங் வழக்கில், எல்லா மாநில சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டது. சர்க்கார் அறிவிப்பின்படி குத்தகை பெற்ற நிலமற்ற தொழிலாளிகளுக்கு விதிவிலக்கு அளிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்தப் பகுதியை மறந்துவிட்டு முதலில் குடிசையிலேயே கைவைக்கும் அதிகாரிகளுக்கு இதை ஞாபகப்படுத்துகிறோம்.

ஊர்ப் புறம்போக்கு போயிற்று, காடாவது உண்டா? 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது; பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைக் குறுக்கியது. புலியும் வாழவேண்டும், நமக்கு அதில் தகராறில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மலைமாடு மேய்த்த மக்களுக்கு மாற்று மேய்ச்சல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதே 2022ஆம் ஆண்டில் அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு சர்க்கார் ஒரு கொள்கையும் வெளியிட்டது. கொள்கை நல்லதுதான். உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் வெட்டிய இடத்தில் புல் வளர்த்து, அதை ஊர் மாட்டுக்குத் திறந்துவிட்டால் அது முழுமையாகும். வெட்டிய விறகை ஏலம் எடுத்தவனோடு அது முடிந்துவிடக் கூடாது.

2011இல் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நாலு ஆடு வழங்கும் திட்டம் வந்தது. வாங்கியவர்கள் நிலமில்லாத பெண்கள். ஆட்டைக் கொடுத்த கை, அது மேய ஒரு முழம் நிலம் கொடுத்ததா? நிலமில்லாதவளுக்கு ஆடு என்று விதி எழுதியவர்கள், அந்த ஆடு யாருடைய நிலத்தில் மேயும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மருந்து இருக்கிறது, மாட்டுக்கு எட்டவில்லை

சோள விஷத்துக்கு மருந்து உண்டு. இதுதான் நம் நெஞ்சை எரிக்கும் விஷயம். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற இரண்டு உப்புகள். முறைப்படி கரைத்து நரம்பில் ஏற்றினால், தரையில் கிடந்த மாடு எழுந்து நிற்கிறது. இரண்டாவது உப்பு வேறொன்றுமல்ல, பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவ உபயோகித்த ஹைப்போதான். தங்க பஸ்பம் அல்ல, சீமைச் சரக்கும் அல்ல. அதை ஏற்றும் வேலை மட்டும் டாக்டருடையது. ஏனென்றால் நைட்ரைட் அளவு மீறினால் அதுவே விஷம். உரம் மிகுந்த பயிரிலிருந்து நைட்ரேட் விஷம் ஏறும் மாடும் இதேபோலத்தான் மூச்சு வாங்கி விழும். அதன் ரத்தம் சாக்லேட் நிறத்தில் பழுப்பாக இருக்கும். அதற்கு மருந்து மெத்திலீன் நீலம். அங்கே நைட்ரைட்டை ஏற்றினால் சாவைத் துரிதப்படுத்தியதாக ஆகும். ரத்தத்தின் நிறம் பார்த்துத் தீர்மானிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே? பல கால்நடை மருந்தகங்களில் ஒரு டாக்டர் இரண்டு மூன்று ஊரைச் சேர்த்துப் பார்க்கிறார். நாள் முழுவதும் ஓடி உழைக்கும் அந்த டாக்டர்கள்மேலும் உதவியாளர்கள்மேலும் நமக்கு வருத்தமில்லை. அவர்களும் ஆள் பற்றாக்குறையின் சுமையைத் தாங்குகிறவர்களே. 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் மாட்டு ஆம்புலன்ஸ் வரும் ஏற்பாடு இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு, எல்லோரும் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அரைமணியில் கொல்லும் விஷத்துக்கு ஒரு மணி தூரத்திலிருந்து வண்டி வந்து என்ன பயன்? மருந்து மாட்டின் பக்கத்தில் இருக்கவேண்டும். சோள வட்டாரத்து ஒவ்வொரு மருந்தகத்திலும், கிளை நிலையத்திலும் இந்த இரண்டு உப்புகளும் தீராத இருப்பாக இருக்கவேண்டும். சீசன் வருமுன் அந்த இருப்பைச் சோதிக்கவேண்டும்.

வருமுன் காக்கவும் வழி இருக்கிறது. பிக்ரேட் காகிதச் சோதனை என்று ஒன்று உண்டு. மஞ்சள் நிறக் காகிதத் துண்டை, கசக்கிய இலை போட்ட குப்பியில் தொங்கவிட்டு மூடினால், சயனைடு இருக்கும் பயிரென்றால் காகிதம் செங்கல் நிறமாக மாறும். பெரிய லாபரட்டரி எதுவும் வேண்டாம். மழை தவறிய ஆண்டில் மருந்தகம்தோறும் இந்தச் சோதனையைச் செய்து, எந்தக் காட்டில் மாட்டை விடாதே என்று தண்டோரா போடுவதற்கு சர்க்காருக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

செத்தபின் வரும் கதை இன்ஷூரன்ஸ். காதில் தோடு இல்லையென்றால் பணம் இல்லை என்பது முதல் விதி. வேலியில் சிக்கித் தோடு அறுந்து விழுந்தால் அது மாட்டுக்காரனின் குற்றம்! அலட்சியத்தால் நேர்ந்த சாவுக்கு இழப்பீடு இல்லை என்று இன்னொரு விதி. விஷச்செடி தின்ற மாட்டை அந்த விதிக்குள் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆகையால் பிரேதப் பரிசோதனை நடத்தி, சாவுக்குக் காரணம் விஷச்செடி, விபத்து என்று டாக்டரின் சர்டிபிகேட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள். வயிற்றிலிருந்த தீனியையும் மேய்ந்த பயிரையும் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்துக் குளிரில் வைத்து அனுப்பவேண்டும். சயனைடு ஆவியாகப் போய்விடும் சரக்கு. டாக்டர் வரும்வரை செத்த மாட்டை யாரும் அறுக்க வேண்டாம், உண்ணவும் வேண்டாம். திடீர்ச் சாவு அடைப்பான் நோயாகவும் இருக்கலாம். அது மனிதனையும் கொல்லும். செத்ததை இழுத்துப்போட சேரி ஆளைக் கூப்பிடு என்ற பழைய அதிகாரமும் இனி வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு? 2022-26 காலத்துக்கு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளில் கறவை மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. வெள்ளம் அடித்துப்போன மாட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தும். வறட்சியும் பேரிடர் என்றுதான் அதே விதிகள் சொல்கின்றன. மழை தவறியதால் பயிர் கருகி, கருகியதால் விஷமேறி, அதைத் தின்றதால் செத்த மாடு வறட்சியில் செத்த மாடு அல்லவா? வெள்ளத்தில் செத்தால் பேரிடர், வறண்ட காட்டில் செத்தால் கவனக்குறைவு என்று தராசைச் சாய்ப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. விஷப்பயிர்ச் சாவையும் வறட்சி நிவாரணத்தில் சேர்க்க மாநில சர்க்கார் உத்தரவு போடவேண்டும் என்று கோருகிறோம்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. காலையில் அவிழ்க்குமுன் மாட்டுக்கு ஒரு பிடி காய்ந்த தட்டோ வைக்கோலோ போட்டு அனுப்புங்கள். வாடிய இளஞ்சோளம் பக்கம், அறுத்த காட்டுத் துளிர் பக்கம் மாட்டை விடாதீர்கள். அறுத்துத்தான் ஆகவேண்டுமென்றால் வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். மேய்க்கிற பிள்ளைகளுக்கு உண்ணிச்செடியையும் அரளியையும் காட்டிக்கொடுங்கள். நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு டாக்டரைக் கூப்பிடலாம் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். முதலில் போன், பிறகு மற்றது. உள்ளூர் விவசாயத் தொழிலாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து சுவரில் எழுதிப்போட இது தகுந்த விஷயம். சிறு விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் இதில் பேதமில்லை, இருவர் மாடும் ஒரே காட்டில்தான் விழுகிறது. காட்டுக்காரரும் விஷமேறிய பயிர் நிற்கிறது என்றால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒரு முள்ளை வெட்டி வழியில் போட்டால்கூடப் போதும்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாய் அது, அறுத்த கட்டைகள் துளிர்க்கும் காலம். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே நம்பர் என்ன, பரப்பு எவ்வளவு, இப்போது யார் கையில் இருக்கிறது, நம் மருந்தகத்தில் சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் இன்று இருப்பு எவ்வளவு என்ற கேள்விகளை அங்கே எழுந்து கேளுங்கள். பெண்கள் கேட்கட்டும், மாட்டைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் வாங்கி, ஒரு பிரதியை நம் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக வெளியிடுகிறோம்.